1,50,000 பவுண்டுக்குப் போன சென்டர் பேக்: ஆண்டி வெப்ஸ்டர் செய்தது சரியா?

பின்களத்தான் எழுதியது:

ஒப்பந்தத்தை முறிக்கும் ஆட்டக்காரர்களுக்கான ஃபிஃபா விதிகளை எதிர்த்த லசானா டயாரா என்ற பிரெஞ்சு ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்து எந்த இழையைத் திறந்தாலும் ஒரே புலம்பல்: இனி ஆட்டக்காரர்கள் நினைத்த நேரத்தில் கிளப்பை உதறிவிட்டுப் போவார்களாம். இந்த வேலையை 2006இலேயே செய்து காட்டியவர் ஒரு ஸ்காட்லாந்து டிஃபெண்டர். அவர் பெயரை இங்கே ஒருவரும் எடுக்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

ஆண்டி வெப்ஸ்டர். 1982இல் டண்டீயில் பிறந்தவர். ஆர்பிரோத் கிளப்பில் ஆரம்பித்தார். 1885இல் பான் அக்கார்டை 36-0 என்று அடித்த அதே ஆர்பிரோத். மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் வட கடல். அந்தக் காற்றில் உயரப் பந்தைக் கணிக்கக் கற்றுக்கொண்டவனுக்கு மற்ற மைதானமெல்லாம் சுலபமாகத்தான் தெரியும்.

2001இல் எடின்பரோவின் ஹார்ட்ஸ் 75,000 பவுண்ட் கொடுத்து அவரை எடுத்தது. அப்போது மேனேஜர் கிரெய்க் லெவீன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். லெவீனும் ஹார்ட்ஸின் பழைய சென்டர் பேக்தான், அதாவது பின்களத்தின் நடுவில் நிற்கிற ஆள். முழங்கால் கெட்டு ஆட்டத்தை விட்டவர். சென்டர் பேக்கைத் தேர்ந்தெடுப்பதில் அவர் கண் சோடை போகாது.

அடுத்த சில வருடங்களில் ஸ்டீவன் பிரெஸ்லியும் வெப்ஸ்டரும் நடுவில், பின்னால் கோலில் கிரெய்க் கார்டன். மூன்று பேருமே ஸ்காட்லாந்து அணிக்கு ஆடினார்கள். 2005-06 சீசனில் ஜார்ஜ் பர்லியின் ஹார்ட்ஸ் முதல் எட்டு லீக் ஆட்டங்களையும் வென்றது. ஒரே ஊர்ப் போட்டியாளரான ஹிப்ஸை 4-0, ரேஞ்சர்ஸை 1-0. கடைசியில் இரண்டாம் இடம். செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் அல்லாத ஒரு அணி முதல் இரண்டுக்குள் வந்தது 1995க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஆனால் முதலாளி விளாடிமிர் ரொமனோவ் அந்த அக்டோபரிலேயே பர்லியை அனுப்பிவிட்டார். வெப்ஸ்டரின் ஒப்பந்தம் 2007 வரை. புதிய ஒப்பந்தம் நீட்டினார்கள், அவர் கையெழுத்துப் போடவில்லை. சீசன் முடிகிற நேரத்தில் முதல் பதினொன்றிலிருந்து ஓரம் கட்டப்பட்டார். கிரெட்னாவுக்கு எதிரான 2006 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்திலும் அவருக்கு இடமில்லை. சீசன் முடிந்ததும் ஃபிஃபா விதிகளின் 17ஆவது பிரிவைக் கையில் எடுத்து, ஒப்பந்தத்தைத் தானே முறித்துக்கொண்டு இங்கிலாந்தின் விகன் அத்லெடிக்குக்குப் போனார்.

கேள்வி இதுதான். அவர் செய்தது சரியா? அதோடு, இப்படியெல்லாம் போனதில் அவருக்குக் கிடைத்தது என்ன?

மெரூன் சட்டை எழுதியது:

அண்ணே, நான் ஹார்ட்ஸ் ஆள். இந்தப் பெயரைப் பார்த்தாலே இன்னும் கொஞ்சம் எரிகிறது.

முதலாளி பைத்தியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ரொமனோவ் காலத்தில் மேனேஜர்கள் வந்து போன வேகத்துக்குக் கணக்கே கிடையாது. ஆனால் கிளப் என்பது முதலாளி மட்டுமா? பதின்ம வயதுப் பையனை இரண்டாம் டிவிஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, ஐந்து வருடம் முதல் அணியில் ஆட வைத்து, தேசிய அணி வரை கொண்டுபோய் விட்டது கிளப். இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தம் இருக்கிறது. விகன் வந்து வாசலில் நிற்கிறது. நேராகப் பேசி விற்றிருந்தால் கிளப்புக்கு லட்சக்கணக்கில் வந்திருக்கும். அதைக் கெடுத்துவிட்டுப் போனார்.

ஹார்ட்ஸ் கேட்டது கிட்டத்தட்ட 50 லட்சம் பவுண்ட். கிடைத்தது 1,50,000. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆஃப்சைடு அண்ணாச்சி எழுதியது:

75,000க்கு வாங்கி, ஐந்து வருடம் ஆட வைத்து, 1,50,000 வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் இதற்கு லாபம் என்று பெயர்.

வக்கீல் தம்பி எழுதியது:

அண்ணாச்சி கிண்டலாகச் சொன்னாலும் தீர்ப்பாயம் யோசித்த வழியும் அதற்குக் கிட்டத்தில்தான் வருகிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்மன் தீர்ப்பு 1995இல் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் போகலாம் என்றது அது. ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போதே போக முடியுமா என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஆணையம் ஃபிஃபாவை நெருக்கியதில் 2001இல் ஒரு சமரசம் வந்தது. 28 வயதுக்கு முன் கையெழுத்துப் போட்டவருக்கு முதல் மூன்று வருடம் பாதுகாப்புக் காலம்; 28க்குப் பின் என்றால் இரண்டு வருடம். அந்தக் காலத்துக்குள் முறித்தால் ஆடத் தடை விழும். அது கழிந்த பிறகு முறித்தால் நஷ்டஈடு மட்டும்தான். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

வெப்ஸ்டர் 2003இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். 2006 கோடையில் மூன்று வருடம் சரியாக முடிகிறது. அவர் ஆலோசகர்கள் நாள்காட்டியை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். நோட்டீஸ் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டார்கள். அதற்காகக் குறுகிய காலத் தடை வந்தது.

அடுத்தது பணம். 2007இல் ஃபிஃபாவின் தகராறு தீர்க்கும் குழு 6,25,000 பவுண்ட் என்றது. மீதமிருந்த சம்பளத்தை எடுத்து, அதை ஒரு எண்ணால் பெருக்கினார்கள். அந்தப் பெருக்கல் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. எந்தத் தரப்பும் திருப்தியாகவில்லை. ஹார்ட்ஸ், வெப்ஸ்டர், விகன் மூன்று பேருமே லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்.

2008 ஜனவரியில் தீர்ப்பு. அதன் தர்க்கம் எனக்குப் பிடித்தது. கிளப் காரணமில்லாமல் ஆட்டக்காரரைத் துரத்தினால் அவருக்கு என்ன கிடைக்கும்? மீதிச் சம்பளம். அப்படியானால் ஆட்டக்காரர் போனாலும் அதே அளவுதான். ஒரு பக்கம் மட்டும் தராசைச் சாய்க்க முடியாது. 'இவருடைய சந்தை விலையை நாங்கள்தான் உண்டாக்கினோம்' என்று ஹார்ட்ஸ் சொன்னது. அது கிளப்பின் பயிற்சியால் வந்தது, ஆட்டக்காரரின் உழைப்பால் வரவில்லை என்று சொல்ல ஆதாரம் எங்கே என்று தீர்ப்பாயம் திருப்பிக் கேட்டது. ஒப்பந்தத்தில் சந்தை விலை பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் கதை வேறு. எழுதவில்லை. ஆகவே மீதி ஒரு வருடச் சம்பளம், 1,50,000 பவுண்ட். கட்டும் பொறுப்பு வெப்ஸ்டருக்கும் விகனுக்கும் சேர்த்து.

மெரூன் சட்டை எழுதியது:

> ஒரு பக்கம் மட்டும் தராசைச் சாய்க்க முடியாது

கேட்க அழகாக இருக்கிறது தம்பி. ஆனால் ஸ்காட்லாந்தில் ஒரு கிளப் எப்படிப் பிழைக்கிறது என்று பாருங்கள். டிவி பணம் இங்கிலாந்தில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் சில்லறை. டிக்கெட் வருமானம், அப்புறம் வருடத்துக்கு ஒரு பையனைத் தெற்கே விற்பது. இவ்வளவுதான் வியாபாரம்.

ஆண்டி ராபர்ட்சனை எடுங்கள். செல்டிக் வேண்டாம் என்று அனுப்பியது. குயின்ஸ் பார்க்கில் சம்பளம் இல்லாமல் ஆடினார், அப்போது அது அமெச்சூர் கிளப். 2013இல் டண்டீ யுனைடெட் எடுத்தது. ஒரே சீசன். 2014இல் ஹல் சிட்டி 28.5 லட்சம் பவுண்ட் கொடுத்தது. டண்டீ யுனைடெட் மாதிரி கிளப்புக்கு அந்த ஒரு காசோலை எத்தனை பேருடைய சம்பளம் தெரியுமா?

வான் டைக்கும் அப்படித்தான். 2013இல் குரோனிங்கனிலிருந்து செல்டிக் எடுத்தது சுமார் 26 லட்சம் பவுண்டுக்கு. இரண்டு வருடம் ஆட வைத்து சவுத்தாம்ப்டனுக்கு 130 லட்சத்துக்கு விற்றது. செல்டிக்குக்கே இந்த வியாபாரம் தேவை என்றால் மற்றவர்கள் கதி? எல்லா டிஃபெண்டரும் மூன்று வருடம் முடிந்ததும் மீதிச் சம்பளத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினால், எந்தக் கிளப் இனி ஆர்பிரோத்திலிருந்து ஒரு பையனை எடுக்கும்?

பின்களத்தான் எழுதியது:

இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் ராபர்ட்சனை விற்ற டண்டீ யுனைடெட் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து மிரட்டவில்லை. அவர் ஆடினார், விலை ஏறியது, விற்றார்கள். வெப்ஸ்டர் விஷயத்தில் ஹார்ட்ஸ் தன் சரக்கைத் தானே குடோனில் பூட்டிவிட்டு விலை போகவில்லை என்று அழுதது.

அதோடு அவர் ஒருவர் மட்டும்தான் ரொமனோவோடு ஒத்துப்போகவில்லை என்றால் சரி, கோளாறு ஆட்டக்காரரிடம் என்று சொல்லலாம். அவர் போன அதே 2006இல், அக்டோபர் மாதம், பிரெஸ்லி, மிட்ஃபீல்டர் ஹார்ட்லி, கார்டன் மூவரும் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து, டிரெஸ்ஸிங் ரூமில் பெரும் அதிருப்தி இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பிரெஸ்லி கேப்டன். டிசம்பரில் அவரும் வெளியே. 2007 கோடைக்குள் ஹார்ட்லி செல்டிக்குக்கும் கார்டன் சண்டர்லாண்டுக்கும் போய்விட்டார்கள். லீக்கில் இரண்டாம் இடம் வந்த அணி ஒரு வருடத்தில் எலும்புக்கூடானது. வெப்ஸ்டர் முதலில் கதவைத் திறந்தார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை லீக் எழுதியது:

சட்டம் போதும், கொஞ்சம் கால்பந்தும் பேசுவோமா? சட்டப் புத்தகத்தில் இருக்கிற வெப்ஸ்டரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். மைதானத்தில் இருந்தவர் எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை.

பழைய ஹார்ட்ஸ் ஆட்டங்கள் கிடைத்தால் ஒரு காரியம் செய்யுங்கள். பந்தை விட்டுவிட்டு இவரை மட்டும் பாருங்கள். பிரெஸ்லி கத்துவார், கை காட்டுவார், ஸ்ட்ரைக்கரோடு உரசிக்கொண்டே நிற்பார். வெப்ஸ்டர் இரண்டு அடி தள்ளி, பாதி திரும்பிய நிலையில் நிற்பார். நீளப் பந்துக்கு முதலில் குதிப்பது பிரெஸ்லி; அது தவறினால் விழுகிற இடத்தில் இவர் ஏற்கெனவே இருப்பார். சறுக்கித் தடுப்பது அபூர்வம். நல்ல சென்டர் பேக்கின் சட்டையில் சேறு குறைவாக இருக்கும். இப்படிப்பட்டவர்களை ஹைலைட்ஸில் பார்க்கவே முடியாது, அதனால்தான் மறந்துபோகிறார்கள்.

இப்படி ஒருவர் 24 வயதில் இங்கிலாந்துக்குப் போகிறார். என்ன ஆனது? விகனில் கைவிரல் எண்ணிக்கையில் ஆட்டங்கள். 2007 ஜனவரியில் லோனில் ரேஞ்சர்ஸ், அப்புறம் அங்கேயே நிரந்தரம். அங்கே காயம், மறுபடி காயம். ரேஞ்சர்ஸுக்காக அவர் ஆடியதை விட மருத்துவர் அறையில் இருந்ததுதான் அதிகம். நடுவில் பிரிஸ்டல் சிட்டிக்கு ஒரு லோன், அதுவும் சில ஆட்டம்.

அதே நேரத்தில் அதே ரேஞ்சர்ஸில் நடுவில் நின்றது யார்? டேவிட் வீர். 1970இல் பிறந்தவர். 2008 மே மாதம் மான்செஸ்டரில் யூஃபா கோப்பை இறுதி ஆட்டம், செனிட்டோடு. வீருக்கு அப்போதுதான் 38 முடிந்திருந்தது. வெப்ஸ்டருக்கு 26. ஆடியது 38.

வீரும் ஹார்ட்ஸ் ஆள்தான், கவனியுங்கள். ஃபால்கர்க், ஹார்ட்ஸ், 1998 ஸ்காட்டிஷ் கோப்பை, 1999இல் எவர்டன். கிளப்போடு சண்டையில்லாமல் தெற்கே போனார். 36 வயதில் ரேஞ்சர்ஸுக்கு வந்து 40 தாண்டியும் ஆடினார். ஸ்காட்லாந்துக்கு ஆடியவர்களிலேயே அதிக வயதுக்காரர் என்ற பெயரும் 2010இல் கிடைத்தது. ஒரே வேலை, ஒரே நாடு, ஒரே கிளப் வழியாகப் போன இரண்டு பேர். ஒருவருக்கு முழங்கால் ஒத்துழைத்தது, இன்னொருவருக்கு உடம்பு ஏமாற்றியது. இதில் 17ஆவது பிரிவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

மெரூன் சட்டை எழுதியது:

வீரை இழுத்ததற்கு நன்றி. நான் சொல்ல வந்ததும் அதுதான். போகிற விதம் என்று ஒன்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை லீக் எழுதியது:

வீர் போனபோது ரொமனோவ் இல்லையே நண்பரே.

குட்டி விங்கர் எழுதியது:

ஒரு சந்தேகம், திட்டாதீர்கள். வெப்ஸ்டர் தீர்ப்பு வந்த பிறகு எல்லா ஆட்டக்காரரும் இதையே ஏன் செய்யவில்லை? மீதிச் சம்பளம் கட்டினால் போதும் என்றால் பெரிய கிளப் எதுவும் டிரான்ஸ்ஃபர் தொகையே கொடுக்க வேண்டியதில்லையே.

வக்கீல் தம்பி எழுதியது:

நல்ல கேள்வி. அன்றைக்குப் பத்திரிகைகளும் இதைத்தான் எழுதின, இது அடுத்த பாஸ்மன் என்று. ஒன்றரை வருடம்கூட அந்தப் பயம் தாங்கவில்லை.

மத்துஸலேம் என்று ஒரு பிரேசில் மிட்ஃபீல்டர். 2007இல் உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்க்கை விட்டு இதே வழியில் ஸ்பெயினின் சராகோசாவுக்குப் போனார். பாதுகாப்புக் காலம் முடிந்திருந்தது, இரண்டு வருட ஒப்பந்தம் பாக்கி. வெப்ஸ்டர் கணக்குப்படி மீதிச் சம்பளம் கட்டினால் முடிந்தது. ஆனால் 2009 மே மாதம் அதே லோசான் தீர்ப்பாயத்தின் வேறொரு குழு, வெப்ஸ்டர் தர்க்கத்தை அப்படியே தள்ளிவிட்டது. கிளப் இழந்தது சம்பளத்தை அல்ல, ஆட்டக்காரரின் சேவையை; அந்தச் சேவையின் மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்றது. புதிய கிளப்பில் என்ன சம்பளம், அடுத்த கிளப் அவரை என்ன விலைக்கு மதிப்பிட்டது, எல்லாவற்றையும் போட்டுக் கூட்டினார்கள். வந்த தொகை 1,18,58,934 யூரோ.

சராகோசா கடனில் மூழ்கியது. மத்துஸலேமால் அவ்வளவு பணம் கட்ட முடியவில்லை. கட்டாவிட்டால் கால்பந்திலிருந்தே தடை என்று ஃபிஃபா மிரட்டியது. 2012இல் சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஒரு மனிதனின் பிழைப்பை இப்படி முடக்குவது பொது ஒழுங்குக்கே விரோதம் என்று அந்தத் தடையை ரத்து செய்தது. ஆனால் கடன் கடன்தான்.

அந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்த ஏஜென்ட் தன் ஆளை '17ஆவது பிரிவில் போ' என்று அனுப்புவார்? கட்ட வேண்டியது எவ்வளவு என்றே தெரியாமல் யார் கையெழுத்துப் போடுவார்கள்? வெப்ஸ்டர் வழி திறந்தே இருந்தது, நடக்கத்தான் ஆள் இல்லை. 2024 அக்டோபரில் டயாரா தீர்ப்பு கை வைத்ததும் இந்த இடத்தில்தான்: நஷ்டஈடு எப்படிக் கணக்கிடப்படும் என்பதே தெளிவில்லாமல் இருக்கிறது, புதிய கிளப்பையும் தானாகவே பொறுப்பாக்குகிறார்கள், இது தொழிலாளி இடம்பெயரும் உரிமைக்கு முட்டுக்கட்டை. அதற்குப் பிறகுதான் ஃபிஃபா அவசர அவசரமாக விதியைத் திருத்தியது.

ஆஃப்சைடு அண்ணாச்சி எழுதியது:

ஆக டிஃபெண்டர் கொடுத்தது 1,50,000, மிட்ஃபீல்டர் கொடுக்க வேண்டியது கோடிக்கு மேல். நீதிமன்றத்திலும் டிஃபெண்டருக்கு மதிப்பில்லை பாருங்கள்.

பின்களத்தான் எழுதியது:

அண்ணாச்சி :)

கதையின் அடுத்த பாதியை விட்டுவிட வேண்டாம். 2009 ஆகஸ்டில் வெப்ஸ்டரை லோனில் அழைத்துக்கொண்டது டண்டீ யுனைடெட். பிறந்த ஊர் அணி. மேனேஜர் யார்? லெவீன். ஆர்பிரோத்திலிருந்து பையனைப் பொறுக்கியெடுத்த அதே ஆள், எட்டு வருடம் கழித்து, யாரும் சீண்டாத நேரத்தில் மறுபடி எடுக்கிறார். டிசம்பரில் லெவீன் ஸ்காட்லாந்து மேனேஜராகப் போய்விட்டார். பீட்டர் ஹூஸ்டன் அணியை ஏற்றார். சீசன் முடிவில் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி. எதிரே ராஸ் கவுன்டி, இரண்டாம் அடுக்கு அணி, அரையிறுதியில் செல்டிக்கையே வெளியே தள்ளிய அணி. யுனைடெட் 3-0. குட்வில்லி ஒன்று, கான்வே இரண்டு. நடுவில் வெப்ஸ்டர் முழு ஆட்டமும். கோல் விழாத இறுதி ஆட்டத்தில் சென்டர் பேக்கைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன்.

தேசிய அணிக்கும் திரும்பினார், அங்கேயும் லெவீன்தான் இருந்தார். மொத்தம் 28 ஆட்டம் ஸ்காட்லாந்துக்கு. அந்தக் காயங்கள் இல்லாமல் இருந்திருந்தால் இது 50ஐத் தாண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. சண்டைக்கு வரலாம்.

குட்டி விங்கர் எழுதியது:

இத்தனை வருடம் ஒரு மேனேஜர் ஒரே ஆளை நம்புவது ஆச்சரியம்தான். சொந்தக்காரரா?

செவ்வாய்க்கிழமை லீக் எழுதியது:

சொந்தமெல்லாம் இல்லை. முழங்கால் போன சென்டர் பேக்கின் கஷ்டம் முழங்கால் போன சென்டர் பேக்குக்குத் தெரியும்.

மெரூன் சட்டை எழுதியது:

சரி, இந்த இழையில் நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்களத்தான் அண்ணன் அதை எடுத்து என் தலையிலேயே போடுவார்.

2011இல் வெப்ஸ்டர் ஹார்ட்ஸுக்கே திரும்பி வந்தார். ரொமனோவ் அப்போதும் முதலாளி! லோசான் வரை போய்ச் சண்டை போட்ட அதே ஆளோடு மறுபடி ஒப்பந்தம். இதை எந்தக் கதையில் எழுதினாலும் நம்ப மாட்டார்கள். திரும்பி வந்தவரை எங்கள் மைதானம் டைன்காசிலில் எப்படி வரவேற்பது என்று எங்கள் ஆட்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

2011-12 சீசனில் சம்பளம் தாமதம், மறுபடி தாமதம். ஆட்டக்காரர்கள் சங்கத்திடம் போய்ப் புகார் கொடுக்க வேண்டிய நிலை. அப்படிப்பட்ட அணி 2012 மே 19 அன்று ஹாம்ப்டனில் ஹிப்ஸை எதிர்த்து ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆடியது. இரண்டு எடின்பரோ அணிகளும் இறுதியில் மோதியது அதற்கு முன் 1896இல்தான். ஹிப்ஸ் அந்தக் கோப்பையைக் கடைசியாக வென்றது 1902இல். ஊரே பிளந்து நின்றது.

பதினைந்தாவது நிமிடம் பார். இருபத்தேழாவது நிமிடம் ஸ்காசெல். இடைவேளைக்குச் சற்று முன் மெக்பேக் ஒன்றைத் திருப்பி 2-1. அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டாம் பாதி தொடங்கியவுடன் சூசோவைக் குஜாபி இழுத்துத் தள்ள, பெனால்டி, இரண்டாவது மஞ்சள் அட்டை, குஜாபி வெளியே. கிரெய்ஞ்சர் அடித்தார். உடனே மெக்கோவன். கடைசியில் மறுபடி ஸ்காசெல். 5-1.

2006 இறுதியில் வெப்ஸ்டர் இல்லாமல் கோல் போட்ட ஸ்காசெல், ஆறு வருடம் கழித்து அவர் பின்னால் நிற்க இரண்டு கோல் போடுகிறார். கேப்டன் ஜாலியூகாஸ், பக்கத்தில் வெப்ஸ்டர். மெக்பேக் கோலுக்குப் பிறகு ஹிப்ஸ் முட்டிக்கொண்டு வந்தபோது பந்தைத் தலையால் வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். அன்றைக்கு நான் அவர் பெயரைக் கத்தினேன். அதற்காக 2006ஐ மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

லீத் ஓரம் எழுதியது:

நான் ஹிப்ஸ் ஆள். இந்த இழையை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். சூசோ விழுந்த இடம் பெட்டிக்கு வெளியே. பெனால்டி இல்லை. 2016இல் நாங்கள் கோப்பையை எடுத்துவிட்டோம், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன்.

மெரூன் சட்டை எழுதியது:

வெளியேதான். இழுப்பு தொடங்கியது வெளியே, ஸ்கோர் போர்டில் எழுதியது 5-1.

மட்டுறுத்துநர்:

2012 பெனால்டிக்குத் தனி இழை இருக்கிறது, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள்.

செவ்வாய்க்கிழமை லீக் எழுதியது:

மீதிக் கதையை நான் முடிக்கிறேன். 2013 மார்ச்சில் லீக் கோப்பை இறுதியில் ஹார்ட்ஸ் செயின்ட் மிர்ரனிடம் 3-2 தோற்றது. அதற்கு முந்தைய மாதமே ரொமனோவின் வங்கி உக்கியோ பாங்காஸ் லிதுவேனியாவில் கவிழ்ந்திருந்தது. ஜூனில் ஹார்ட்ஸ் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. வெப்ஸ்டர் அதே கோடையில் இங்கிலாந்தின் கவன்ட்ரி சிட்டிக்குப் போனார், இந்த முறை வழக்கு எதுவும் இல்லாமல்.

கவன்ட்ரியின் மேனேஜர் யார் என்று கேளுங்கள். ஸ்டீவன் பிரெஸ்லி! 'எல்விஸ்' என்று ஸ்காட்லாந்தில் செல்லப்பெயர். பழைய ஜோடியில் ஒருவர் கோட்டுக்கு வெளியே, ஒருவர் உள்ளே. அதுவும் எங்கே? கவன்ட்ரிக்கு அந்த வருடம் சொந்த மைதானமே கிடையாது, வாடகைத் தகராறு. முப்பது மைலுக்கு மேல் தள்ளி நார்த்தாம்ப்டனில் போய் ஹோம் ஆட்டம் ஆடினார்கள். முதலாளித் தகராறு வெப்ஸ்டரை விடாமல் துரத்தியது என்றே சொல்லலாம்: ஹார்ட்ஸில் ஒன்று, ரேஞ்சர்ஸ் 2012இல் திவாலானது (அவர் போன பிறகு), கவன்ட்ரியில் ஒன்று. அப்புறம் 2015இல் செயின்ட் மிர்ரன். இரண்டு வருடம் முன் லீக் கோப்பையைத் தன்னிடமிருந்து பறித்த அணிக்கே போய்ச் சேர்ந்தார்.

பின்களத்தான் எழுதியது:

எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. வெப்ஸ்டர் என்று தேடினால் முதல் பக்கம் முழுக்கச் சட்டக் கட்டுரைகள். 'வெப்ஸ்டர் தீர்ப்பு', 'வெப்ஸ்டர் வழக்கு'. இரண்டு வேறு வேறு அணிகளோடு ஸ்காட்டிஷ் கோப்பை வென்ற சென்டர் பேக் என்று எழுத ஆளில்லை. பாஸ்மனுக்கும் இதே கதி. ஆனால் பாஸ்மன் வழக்குக்குப் பிறகு ஆட்டத்தையே இழந்தவர். இவர் அதற்குப் பிறகும் பல வருடம் ஆடியிருக்கிறார்.

மெரூன் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி. 'போகிற விதம்' என்று சொன்னீர்கள். அவருக்கு இருந்த வேறு வழி என்ன? ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு 2007இல் இலவசமாகப் போயிருக்கலாம். அப்போது ஹார்ட்ஸுக்கு 1,50,000கூட வந்திருக்காது.

மெரூன் சட்டை எழுதியது:

அல்லது ஹார்ட்ஸ் 2006 கோடையில் அவரை விற்றிருக்கலாம். அவர் இரண்டு மாதம் பொறுத்திருந்தால்.

வக்கீல் தம்பி எழுதியது:

இந்த 'பொறுத்திருந்தால்' என்பதைத்தான் கிளப்கள் அதற்குப் பிறகு நம்புவதை நிறுத்திவிட்டன. ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மீதி இருக்கும்போதே இப்போது மேசையில் புதுத் தாளை வைக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் பாதுகாப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். போடாவிட்டால் அந்தக் கோடையிலேயே விற்றுவிடுவார்கள். ஒரு வருடம் மீதி வைத்துக்கொண்டு ஓரம் கட்டிப் பணிய வைக்கலாம் என்கிற ரொமனோவ் பாணி குறைந்ததற்கு வெப்ஸ்டரும் ஒரு காரணம் என்பது என் கட்சி. மெரூன் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.

மெரூன் சட்டை எழுதியது:

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஹார்ட்ஸ் இப்போது யாருக்காவது ஒப்பந்தம் நீட்டித்தது என்று செய்தி வந்தால் முதலில் எத்தனை வருடம் என்றுதான் பார்க்கிறேன்.